நாய்க்குட்டி தன் மலத்தையே தின்கிறதா?



சொல்வதற்கே கூச்சமான ஒரு சங்கதியை இம்முறை எடுத்துக்கொள்வோம். காவலுக்கென்று ஆசையாய்க் கொண்டுவந்த குட்டி, தான் வெளிக்குப் போனதைத் தானே திரும்பித் தின்னும். பிள்ளைகள் "ஐயே!" என்று கத்திக்கொண்டு ஓடும். "இது ஆகாத குட்டி, செம்பனைக் காட்டுல விட்டுட்டு வந்துடுங்க" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அப்படி விடப்பட்ட குட்டி பட்டினியால் சாகும், பிழைத்தால் தெருநாயாகும். இரண்டும் வேண்டாம். இது குணக்கேடு அல்ல. நாம் முந்திக்கொண்டால் நின்றுவிடக்கூடிய பழக்கந்தான்.

ஏன் தின்கிறது?

குட்டி போட்ட நாயைக் கவனித்துப் பாருங்கள். கண் திறக்காத குட்டிகளின் மலத்தைத் தாயே நக்கித் தின்று படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். நாய்ச் சாதியில் இது பிறவிப் பழக்கம். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன்படி ஏறக்குறைய ஆறு நாய்களில் ஒன்றுக்கு இந்தப் பழக்கம் உண்டு. அவை பெரும்பாலும் தின்றது இரண்டு நாளுக்கு உட்பட்ட மலத்தை. ஓநாயாக இருந்த காலத்தில், புழு முட்டைகள் பக்குவப்படுமுன் இருப்பிடத்தைச் சுத்தம் செய்த வழக்கத்தின் மிச்சமாக இது இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இதோடு வேறு காரணங்களும் சேரும். வயிற்றில் புழு இருந்தால் தின்ற சாப்பாடு உடம்பில் ஒட்டாது. குட்டி எந்நேரமும் பசியோடு அலையும். ஒரே வேளை சோறு போட்டாலும் அப்படித்தான். விடியற்காலை பிரட்டுக்குப் போகிறவர்கள் குட்டியைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போனால், மதியம் வரை மலமும் குட்டியும் ஒரே இடத்தில். சும்மா கிடக்கும் குட்டி எதையாவது வாயில் வைக்கத்தான் செய்யும்.

பிள்ளைகளுக்கு என்ன ஆபத்து?

அக்கறை காட்ட வேண்டிய இடம் இதுதான். பல குட்டிகள் தாய் வயிற்றிலேயே உருளைப்புழுவை வாங்கிக்கொண்டு பிறக்கின்றன. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் மண் வழியாகவும் வரும். மலத்தோடு விழும் உருளைப்புழு முட்டை அன்றே தொற்றாது. மண்ணில் கிடந்து பக்குவப்பட இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். பிறகு வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் பிள்ளைக்குள் அது போய்விடும். காய்ச்சல், இருமல் வரலாம். சிலருக்குப் புழு கண்ணுக்குள் போய்ப் பார்வையையே கெடுத்துவிடும்.

கொக்கிப்புழு இன்னும் வேகம். நம் ஈரமண்ணில் ஒரு வாரம் போதும். குஞ்சுப்புழு வெறுங்காலைத் துளைத்துவிடும். தோலுக்கடியில் ஊர்ந்து, கோடு கோடாகத் தடித்து, தூங்கவிடாமல் அரிக்கும். நாய்க் கொக்கிப்புழுவில் ஒரு வகை மனிதர் குடலிலும் தங்கி இரத்தம் உறிஞ்சும்; மலேசியாவில் நடந்த ஆய்வுகளிலும் அது மனிதரிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. கொக்கிப்புழுச் சோகை தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. 1915 முதல் 1917 வரை ஓர் ஆய்வுக்குழு மலாயாவுக்கும் வந்து அதை ஆராயும் அளவுக்கு அது அன்று பெருந்தொல்லையாக இருந்தது.

மலம் தின்ற வாயால் குட்டி முகத்தை நக்கினால் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் தொற்றலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, மலத்தை உடனே அள்ளுங்கள். தின்றதும், தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் குட்டி வெளிக்குப் போகும். வேலைக்குப் போகுமுன் தீனி வைத்து, கால்மணி அரைமணி நேரம் பக்கத்தில் இருங்கள். போனதும் குட்டியைக் கூப்பிட்டு ஒரு துண்டு ரொட்டியோ வெந்த கோழியோ கொடுங்கள். அது தின்னும்போது அள்ளிப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அல்லது கிணறு, காய்கறிப் பாத்திக்குத் தூரமாக ஓரடி ஆழத்தில் புதையுங்கள். தினமும் அள்ளினால் குட்டிக்குத் தின்ன மலம் இருக்காது. முட்டைக்குப் பக்குவப்பட நாளும் இருக்காது.

இரண்டாவது, பூச்சி மருந்து. பிறந்து இரண்டு வாரத்தில் தொடங்கி, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை; பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தாய் நாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. கால்நடை டாக்டரிடம் கேட்டே கொடுங்கள். நமக்கு வாங்கி வைத்த பூச்சி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, தீனி. நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொஞ்சங்கொஞ்சமாக வையுங்கள். வெறும் சோறும் குழம்பும் போதாது. முள் எடுத்த மீன், முட்டை, எலும்பில்லாத கோழி ஏதாவது கலக்க வேண்டும். வெங்காயம் நாய்க்கு ஆகாது.

நான்காவது, நம் வீட்டுச் சுத்தம். பிள்ளைகளுக்குச் செருப்பு, சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுதல், குட்டி முகத்தை நக்க விடாமை. இம்மூன்றும் கட்டாயம்.

செய்யக்கூடாதவை

அடிக்காதீர்கள், மூக்கை மலத்தில் தேய்க்காதீர்கள். பயந்த குட்டி, தடயம் தெரியாமல் இன்னும் வேகமாக விழுங்கப் பழகிவிடலாம். கத்திக்கொண்டு துரத்தினாலும் அப்படியே. மலத்தின்மேல் மிளகாய்த்தூள் போடுவதாலும் பெரிதாகப் பயனில்லை. இதற்கென்று கடைகளில் விற்கும் பொடி, மாத்திரைகளைப் பற்றியும் மேற்சொன்ன ஆய்வில் விசாரித்தார்கள். நூறு நாய்களில் இரண்டுக்குக்கூடச் சரியாகப் பலிக்கவில்லை. அந்தக் காசுக்குப் பூச்சி மருந்து வாங்கலாம்.

எப்போது டாக்டரிடம்?

வயிறு உப்பி உடம்பு இளைத்தால், ஈறு வெளுத்தால், மலம் கறுத்தால் அல்லது புழு விழுந்தால் தாமதிக்கக் கூடாது. வாந்தியும் இரத்தப்போக்கும் சேர்ந்தால் அன்றே கொண்டுபோக வேண்டும். சின்னக் குட்டி ஓரிரு நாள்கூடத் தாங்காது. பிள்ளைக்குக் கால் அரிப்பு கோடாக ஓடினாலோ, ஒரு கண் மங்கினாலோ, அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, "வீட்டுல நாய்க்குட்டி இருக்கு" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

குட்டி வளர வளரப் பெரும்பாலும் இந்தப் பழக்கம் குறைந்துவிடும். ஒரு மண்வெட்டியும் காலையில் அரைமணி நேரமும் செலவழித்தால் நாயும் பிழைக்கும், நம் பிள்ளைகளும் நலமாயிருப்பார்கள்.