சந்தா நின்றால் உங்கள் கோப்பு திறக்குமா?

போட்டோ ஸ்டுடியோக்காரர்களும் டிடிபி தொழிலில் இருப்பவர்களும் 2013 மே மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றின் புதிய பதிப்புகள் இனி சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும்தான் என்று அடோபி நிறுவனம் அப்போதுதான் அறிவித்தது. ஒருமுறை பணம் கொடுத்து வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடிய கடைசித் தொகுப்பு சிஎஸ்6. அதற்காகவே பழைய கணினியை விடாமல் வைத்திருப்பவர்களை, மாறத் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. சந்தா நின்றால் வேலையும் நின்றுவிடுமோ என்ற அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

2019 அக்டோபரில், அமெரிக்க அரசின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. கட்டிய பணமும் திரும்பாது என்றுதான் முதலில் சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த நிலை மாறியது. அமெரிக்க அரசின் அனுமதியோடு சேவையும் தொடர்ந்தது. எங்கோ நடந்தது என்று இதை விட்டுவிட முடியாது. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவை நின்றுபோனது. அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. ஒரே கம்ப்யூட்டரை வைத்துக் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

அன்றாட ஆபத்து இதைவிட நெருக்கத்தில் இருக்கிறது. விண்டோஸில் ஒன்டிரைவ் பேக்கப்பை இயக்கினால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் போய்விடும். இலவச இடம் 5 ஜிபிதான். ஒரு கல்யாண ஆல்பத்துக்கே போதாது. இடம் நிறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்ததும், கணினியில்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் இணையத்தில் இருக்கும் படங்களைச் சிலர் அழித்துவிடுகிறார்கள். கணினியில் இருப்பதும் சேர்ந்தே அழிகிறது. தனிநபர் கணக்கென்றால் ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்னில் 30 நாள்வரை இருக்கும். அதற்குள் மீட்டுவிட வேண்டும். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் இந்த ஃபோல்டர்களுக்கான பேக்கப்பை நிறுத்தும் வசதி உண்டு.

கிளவுடே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளத்தில் கணினி மூழ்கினால் அதுதான் காப்பாற்றும். ஆனால் வெளி ஹார்டு டிஸ்கில் இன்னொரு நகல் கட்டாயம் வேண்டும். முடித்த ஒவ்வொரு வேலையையும், பல மென்பொருள்களிலும் திறக்கும்படி, பிடிஎஃப் ஆகவோ டிஃப் ஆகவோ சேர்த்து வையுங்கள்.

சந்தாப் பணத்தைப் பொறுத்தவரை நம் கையில் பிடி இருக்கிறது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வேண்டாமென்றால் அந்த அனுமதியை வங்கியிலேயே ரத்து செய்யலாம். அதற்குமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்: மாதாமாதம் கட்டுவதுபோல் தெரியும் திட்டம் சில நேரம் ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கும், பாதியில் விலகினால் அபராதம் விழும். இதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்ததாகத்தான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபிமீது வழக்குத் தொடுத்தது.

இந்தியாவில், விலக விடாமல் இழுத்தடிக்கும் 'சந்தாப் பொறி'யை அரசின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். தொழிலுக்கு வாங்கியது என்று சொல்லித் தட்டிக்கழித்தால், சுயதொழில் செய்து பிழைப்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே என்று எடுத்துச் சொல்லுங்கள். பணம் கட்டிய ரசீதையும், ரத்து செய்ய முயன்றபோது வந்த ஒவ்வொரு திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு எடுத்து வைத்திருங்கள்.