வானுயரத்தில் ஒரு மூச்சு

வன்னியில் போர்க்காலத்தைக் கடந்து வந்த பெரியவர்களிடம் போர் விமானம் பற்றிக் கேட்டால், அவர்கள் முதலில் சொல்வது "கிபிர்" என்ற சொல்லைத்தான். அவர்களுக்கு அது ஒரு சத்தம். பதுங்குகுழியை நோக்கிய ஓட்டம். அவ்வளவு உயரத்தில் அதை ஓட்டுபவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. ஆனால் போர் விமானிக்காக உருவான அந்தச் சுவாசத் தொழினுட்பம் பிற்காலத்தில் வைத்தியசாலைக் கட்டில்கள் வரை வந்து சேர்ந்தது. ஆகவே அதைப் பற்றி நாமும் அறிந்திருப்பது நல்லது.

உயரத்தில் குறைவது எது?

மேலே போகப் போக வளியில் ஒட்சிசனின் சதவீதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. வவுனியாவிலும் 40,000 அடி உயரத்திலும் வளியில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது வளியின் அமுக்கம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசமாக உள்ள அமுக்கம், ஏறத்தாழ 18,000 அடியில் பாதியாகிவிடுகிறது. 40,000 அடியில் அது 141 மட்டுமே. ஒட்சிசனைச் சுவாசப்பையிலிருந்து குருதிக்குள் தள்ளுவது அதன் பகுதியமுக்கம். அது கடல்மட்டத்தில் 160 அளவிலும், 40,000 அடியில் 30 அளவிலும் இருக்கிறது. தள்ளும் விசை இல்லாவிட்டால் ஒட்சிசன் மூக்கு வரை வந்தும் பயனில்லை.

திருக்குர்ஆனின் அல் அன்ஆம் அத்தியாயம் 125ஆம் வசனத்தில், நெஞ்சு இறுகி நெருக்கடிக்குள்ளாவதற்கு வானத்தில் ஏறுவது உவமையாக வருவதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

வலிக்காமல் வரும் ஆபத்து

1875 ஏப்ரல் 15ஆம் திகதி பிரான்சில் மூவர் "செனித்" என்ற பலூனில் 8,000 மீற்றருக்கு மேல் ஏறினார்கள். அவர்களிடம் ஒட்சிசன் நிரப்பிய பைகள் இருந்தன. ஆயினும் தேவைப்பட்ட நேரத்தில் குழாயை எடுக்கக் கை அசையவில்லை. இருவர் இறந்தனர். உயிர் தப்பிய கஸ்தோன் திசாந்தியே, அந்நேரத்தில் தமக்கு எந்த வேதனையும் தோன்றவில்லை என்று பின்னர் எழுதினார்.

ஒட்சிசன் குறைபாட்டின் பயங்கரம் இதுதான். மூளை மந்தமாகும்போது, "நான் மந்தமாகிறேன்" என்று உணரும் ஆற்றலும் சேர்ந்தே மங்கிவிடுகிறது. 25,000 அடியில் ஒட்சிசன் இல்லாத ஒருவர் சரியாகச் செயற்படக்கூடிய நேரம் 3 முதல் 5 நிமிடங்கள். 35,000 அடியில் அது ஒரு நிமிடத்திற்கும் குறைவு.

உம்ராவுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விமானத்தில் செல்லும் பெற்றோர் ஒரு அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள்: முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் அணிந்துகொண்டு, பிறகு பிள்ளைக்கு அணிவியுங்கள். தாய் மனத்திற்கு இது கல்நெஞ்சாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சில விநாடிகளுக்குள் தாய் நினைவிழந்துவிட்டால் பிள்ளைக்கு உதவ ஆளில்லை. தாய் முதலில் அணிந்தால் இருவருமே பிழைக்கலாம்.

போர் விமானத்தின் வேறுபாடு

பயணிகள் விமானத்தின் உள்ளே அமுக்கம் செயற்கையாக உயர்த்தப்பட்டிருக்கும். விமானம் 38,000 அடியில் பறந்தாலும், உள்ளே நாம் உணர்வது அதிகபட்சம் 8,000 அடி உயரத்தை. அதாவது நம் பிதுருதலாகல மலையுச்சியை விடச் சற்றுக் குறைவானதை. போர் விமானத்தில் அமுக்கம் இவ்வளவு உயர்த்தப்படுவதில்லை. அதன் கண்ணாடிக் கூரை தாக்கப்பட்டு உடைந்தால், உள் அமுக்கத்துக்கும் வெளி அமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாக இருப்பதே விமானிக்கு ஆபத்தாகும். ஆகவே அவர் எப்போதும் முகமூடி அணிந்தே பறக்கிறார்.

முகமூடிக்கு முன்னால் ஒரு சீராக்கி உண்டு. விமானி மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் அது திறக்கும். உயரம் கூடக் கூட ஒட்சிசனின் செறிவையும் கூட்ட வேண்டும். 40,000 அடியில் முழுத் தூய ஒட்சிசனைச் சுவாசிப்பது, 10,000 அடியில் சாதாரண வளியைச் சுவாசிப்பதற்குச் சமம். அதற்கும் மேலே தூய ஒட்சிசனும் போதாது. அதை அமுக்கத்துடன் சுவாசப்பைக்குள் செலுத்த வேண்டும். அப்போது சுவாசமே தலைகீழாகிறது. உள்ளிழுப்பது தானாக நடக்கும்; வெளியே விடத்தான் முயற்சி வேண்டும். இதற்கு விமானிகள் தனிப் பயிற்சி பெறுகிறார்கள்.

ஒட்சிசன் எங்கிருந்து வருகிறது?

முன்னர் உருளைகளில் அடைத்த வாயுவையோ, மறை 183 பாகை செல்சியசில் வைத்த திரவ ஒட்சிசனையோ கொண்டு சென்றார்கள். அது தீர்ந்தால் இறங்கியே ஆகவேண்டும். இன்றைய விமானங்கள் பறந்துகொண்டே ஒட்சிசனைப் பிரித்தெடுக்கின்றன.

எஞ்சினால் நெருக்கப்பட்ட வளியில் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, சியோலைற்று என்னும் நுண்துளைக் கனிமம் நிரப்பிய கலத்துக்குள் செல்கிறது. சியோலைற்றில் உள்ள கற்றயன்கள் ஒட்சிசனைவிட நைதரசனையே கூடுதலாகக் கவர்கின்றன. எனவே உயர் அமுக்கத்தில் நைதரசன் ஒட்டிக்கொள்ள, ஒட்சிசன் கடந்து செல்கிறது. கலம் நைதரசனால் நிரம்பியதும் அமுக்கம் குறைக்கப்படும். நைதரசன் விடுபட்டு வெளியேறும். ஒரு கலம் துப்புரவாகும்போது மற்றக் கலம் வேலை செய்யும். இப்படி மாறி மாறி நடப்பதால் ஒட்சிசன் இடையறாது வரும். ஆகன் வாயு பிரிக்கப்படாமல் ஒட்சிசனோடே வந்துவிடுவதால், கிடைக்கும் தூய்மை அதிகபட்சம் 95 சதவீதம் அளவில்தான்.

நம் அயல்நாடான இந்தியாவில் பெங்களூரிலுள்ள பாதுகாப்பு உயிர்ப்பொறியியல் ஆய்வுகூடம், தேஜஸ் விமானத்துக்காக இத்தகைய தொகுதியை உருவாக்கியது. 2025 மார்ச் 4ஆம் திகதி அது 50,000 அடி உயரம் வரை வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. எஞ்சின் நின்றால் ஒட்சிசன் உற்பத்தியும் நின்றுவிடும் என்பதால், இத்தகைய விமானங்களில் அவசரத்துக்கென்று சிறிய உருளையும் வைக்கப்படுகிறது.

வானிலிருந்து வைத்தியசாலைக்கு

2021இல் கொரோனா இந்தியாவை உலுக்கியபோது, தேஜசுக்காக வளர்த்த அந்தத் தொழினுட்பத்தைக் கொண்டே வைத்தியசாலைகளுக்கான ஒட்சிசன் நிலையங்களை அமைத்தார்கள். அதைத் தயாரிக்கும் பொறுப்பைப் பெற்ற நிறுவனங்களுள் ஒன்று கோயம்புத்தூரில் உள்ளது. ஒரு நிலையம் நிமிடத்துக்கு 1,000 லீற்றர் ஒட்சிசன் தரும். நிமிடத்துக்கு 5 லீற்றர் வீதம் ஏறத்தாழ 190 நோயாளிகளுக்கு அது போதும்.

அதே ஆண்டு ஓகஸ்டில் நம் நாட்டிலும் ஒட்சிசன் தட்டுப்பாடு ஏற்பட்டது. இந்தியக் கடற்படையின் "சக்தி" என்ற கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன்னும், இலங்கைக் கடற்படையின் "சக்தி" என்ற கப்பல் சென்னையிலிருந்து 40 தொன்னும் கொண்டுவந்தன. கடலைக் கடந்து ஒட்சிசன் வரும்வரை காத்திருந்த அந்த நாட்களை நம் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள்.

நம்மைச் சுற்றியுள்ள வளியிலேயே ஒட்சிசன் நிறைந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் அறிவு யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் கப்பலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பகுதியமுக்கமும் புறத்துறிஞ்சலும் பரீட்சைக்காக மட்டும் படிக்க வேண்டிய பாடங்கள் அல்ல. நாளை வன்னியின் ஒரு வைத்தியசாலையில் அவ்வாறான நிலையத்தை இயக்கிப் பராமரிப்பவர், இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவியாக இருக்கலாம்.

கேட்காமலே கிடைக்கும் ஒவ்வொரு மூச்சுக்காகவும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.