குடோன் நிறைய கொழுப்பு, ஆனாலும் செல்லுக்குப் பட்டினி

போன எபிசோட்ல லைசோசோம்னா என்னன்னு பார்த்தோம். செல்லுக்குள்ள வர்ற பொருளை உடைச்சு, மறுபடியும் பயன்படுத்தக் கொடுக்கிற சின்னப் பை அது. அந்தப் பையின் சுவரில் இருக்கிற ஒரே ஒரு புரதம் வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும்? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போறோம். புரதத்தின் பெயர் என்.பி.சி.1.

முதல்ல, எல்லாம் சரியா இருந்தா என்ன நடக்கும்? ரத்தத்தில் எல்.டி.எல். துகள்கள் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும். செல் அதை உள்ளே இழுத்து லைசோசோமுக்கு அனுப்பும். அங்கே ஒரு நொதி கொலஸ்ட்ராலைப் பிரித்தெடுக்கும். ஆனால் கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது, தானாக நகர்ந்து வெளியே வர முடியாது. அதனால என்.பி.சி.2 என்ற இன்னொரு புரதம் அதைத் தூக்கிட்டுப் போய், சுவரில் இருக்கிற என்.பி.சி.1 கிட்ட கொடுக்கும். அங்கிருந்து அது செல் சவ்வு, எண்டோபிளாச வலைப்பின்னல் என்று தேவையான இடங்களுக்குப் போகும்.

என்.பி.சி.1 இல்லைன்னா, கொலஸ்ட்ரால் உள்ளேயே தேங்கி லைசோசோம் வீங்கிடும். வேடிக்கை என்னன்னா, கொலஸ்ட்ரால் இருப்பைக் கணக்குப் பார்க்கிறது எண்டோபிளாச வலைப்பின்னல்தான். குடோனுக்குள்ள எவ்வளவு மூட்டை கிடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. தன் கைக்கு வந்ததை மட்டும்தான் அது எண்ணும். வரவு குறைந்ததும் "சரக்கு போதலை"ன்னு முடிவு செய்து, புதுசா கொலஸ்ட்ரால் தயாரிக்கச் சொல்லும், எல்.டி.எல்.லையும் கூடுதலா இழுக்கச் சொல்லும். அதுவும் போய் அதே குடோனில் அடையும். வீங்கிய லைசோசோமால் குப்பையையும் சரியாக அகற்ற முடியாது. பழுதான மைட்டோகாண்ட்ரியாக்கள் அப்படியே தங்கிவிடும்.

இதுதான் நீமன்-பிக் சி நோய். சுமார் 1 லட்சம் பிறப்புகளில் ஒருவருக்கு வருவதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் 1997-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த என்.பி.சி.1 மரபணுவில் வரும் பழுது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். அதனால நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடக்கும்போது வாய்ப்பு கூடும்.

சில குழந்தைகளுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும். பிறகு நடை தடுமாறும், கண்ணை மேலும் கீழும் அசைக்கச் சிரமப்படும், படித்தது மறக்கும். சிரிக்கும்போது திடீரென உடல் தளர்ந்து விழும் குழந்தைகளும் உண்டு.

"அப்போ எண்ணெய், நெய்யைக் குறைச்சா போதுமே?" என்று கேட்கலாம். போதாது. ரத்தத்து கொலஸ்ட்ரால் மூளைக்குள்ள போறதில்லை, மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரிச்சுக்கும். சிக்கல் அளவில் இல்லை, வழி அடைபட்டதில்தான் இருக்கு.

மிக்ளுஸ்டாட் மருந்துக்கு ஐரோப்பா 2009-இல் அனுமதி கொடுத்தது. அரிமோக்ளோமால், லெவாசெட்டில்லூசின் இரண்டுக்கும் 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இவை எதுவும் இழந்த புரதத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை, நோயை முழுசாகக் குணப்படுத்துவதும் இல்லை. ஆனால் இறந்த நரம்பு செல்கள் திரும்பி வராது என்பதால், நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் பெரிய விஷயம்.