சார்பும் சோதனையும்

குன்றத்தூரினின்று திருப்பெரும்பூதூர், ஒரகடம் ஆகிய ஊர்களை நோக்கிச் செல்வோர் மோட்டார்த் தொழிற்சாலைகள் பலவற்றைக் காண்பர். ஆங்கு உருவாகும் வண்டியின் உறுப்புக்கள் யாவும் ஓரிடத்திற் செய்யப்படுவன அல்ல. பிரேக்கு பழுதுபடின், குற்றம் அதனைச் செய்தார்பாலதோ, அதனுள் அமைந்த ரப்பர் வளையத்தைத் தந்தார்பாலதோ என்று ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறல் முறையாம். மென்பொருளுக்கும் இம்முறை பொருந்தும்.

மூலநிரலை யாவரும் கண்டு திருத்திப் பயன்படுத்த விடப்பெற்றது திறந்தமூல மென்பொருள் எனப்படும். அதன் தொகுதிகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பன. சான்றாக, 'கோயில்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லை யூனிகோடு முறை ஆறு குறியீடுகளாகக் கொள்ளும். பைதான் மொழியில் இயன்ற 'ஓப்பன்-தமிழ்' என்னும் தொகுதி அதனை மூன்றெழுத்தாகவே பிரித்துத் தரும். இதனைத் துணைக்கொண்டு ஒருவர் பிழைதிருத்தி ஒன்றை அமைப்பாராயின், அப்பிழைதிருத்தி இதனைச் சார்ந்ததாகும்.

நிரல் மாறுந்தோறும் கணிப்பொறி தானே சோதித்து 'வெற்றி' அல்லது 'தோல்வி' எனக் கூறுவது தானியங்கிச் சோதனை. இதில் இருவகைப் பிழைகள் நேரும். துணைத்தொகுதி நிறுவப்படாமையால் சோதனை முறியுமாயின், குற்றமற்ற ஆசிரியர்மீது பழி விழும். மாறாக, ஆசிரியர் குறிப்பிட மறந்த துணைத்தொகுதி சோதிக்கும் பொறியில் முன்னரே இருக்குமாயின், ஆங்கு வெற்றி கிட்டும். பயன்படுத்துவோர் பொறியிலோ நிரல் இயங்காது. பின்னையது முன்னையதினும் தீயது. பிழை மறைந்து நிற்றலின்.

இவற்றை நீக்கும் வழிகள் சில உள. ஒவ்வொரு சோதனையையும் வேறெத்தொகுதியும் இல்லாத தூய சூழலிற் தொடங்குதல் வேண்டும். ஆசிரியர் தந்த பட்டியலில் உள்ளவற்றை மட்டும், அடியிலுள்ளதை முதலாகக் கொண்டு, வரிசையாக நிறுவுதல் வேண்டும். துணைத்தொகுதியே நிறுவப்படாவிடின், மேலுள்ளதைத் 'தோல்வி' எனக் குறித்தலாகாது. பெர்ல் மொழியின் களஞ்சியமாகிய 'சிபான்' 1995-இல் தோன்றிற்று. அதன் தொகுதிகளைச் சோதிக்கும் தன்னார்வலர் முயற்சி 1998-இல் எழுந்தது. முன்தேவை நிறைவுறாத சோதனையின் முடிவை அனுப்பாது விடும் வழக்கம் அவர்தம் கருவியில் உண்டு.

துணைத்தொகுதியின் புதிய பதிப்பு வெளிவருங்கால், அதனைச் சார்ந்தவற்றையும் மீளச் சோதித்தல் நன்று. டெபியன் இயங்குதளத்தார் இதனைத் தானியங்கியாகவே செய்கின்றனர். நம் நாட்டுச் சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய 'பாஸ்' இயங்குதளம் டெபியனைச் சார்ந்ததாகலின், அங்கு நிகழும் சோதனையின் பயன் நம்மையும் எய்தும்.

சார்பைச் சிறிதென்று இகழ்தல் கூடாது. 2016 மார்ச்சில், 'லெப்ட்-பேட்' என்னும் பதினொரு வரித் தொகுதி ஜாவாஸ்கிரிப்டுக் களஞ்சியத்தினின்று நீக்கப்பட்டபோது, அதனைச் சார்ந்த பெருநிரல்கள் பல கட்டமைக்க இயலாது நின்றன.

சோதனை முடிவென்பது ஊதியமின்றி உழைக்கும் ஒருவர்தம் ஆக்கத்தின்மீது பொறி கூறும் தீர்ப்பு. அத்தீர்ப்பு நேர்மையுடையதாக வேண்டின், நிரலெழுத முயலும் மாணவ நண்பர்கள் தாம் எவற்றைச் சார்ந்துள்ளோம் என்பதனை ஒளியாது முதற்கண் எழுதி வைப்பாராக.