தடைக்காலத்தில் படகு இன்ஜின்: கடைசி வாரம் வரை காத்திருந்தால் என்ன ஆகும்?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் இது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும் இந்த இரண்டு மாதங்களில்தான், காசிமேடு முதல் ராமேஸ்வரம், தூத்துக்குடி வரை படகுகளைக் கரையேற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை சரிபார்ப்பது என எல்லா வேலைகளும் நடக்கும்.

இதில் பெரும்பாலும் தள்ளிப்போவது இன்ஜின் வேலை. “சும்மாதானே நிக்குது, கடைசி வாரம் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுவார்கள். ஜூன் முதல் வாரத்தில் எல்லாப் படகுக்காரர்களும் ஒரே நேரத்தில் மெக்கானிக்கைத் தேடுவார்கள். ஆள் கிடைக்காது, உதிரி பாகமும் கிடைக்காது.

உண்மையில், இன்ஜினுக்கான முக்கியமான வேலைகள் தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் செய்ய வேண்டியவை அல்ல. முதல் சில நாட்களில் செய்ய வேண்டியவை. அவற்றில் பலவற்றை உரிமையாளரும் படகுத் தொழிலாளர்களும் தாங்களே செய்துவிடலாம்.

நிற்கும் இன்ஜினுக்கு என்ன பிரச்சினை?

ஓடினால்தான் தேய்மானம், நின்றால் ஓய்வு என்று நினைப்பது இயல்பு. படகு இன்ஜின் விஷயத்தில் இது பாதிதான் சரி. ஓடும் இன்ஜின் சூடாக இருக்கும். உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிவிடும். ஆயில் எல்லா பாகங்களையும் நனைத்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்றதும் ஆயில் கீழே வடிந்துவிடுகிறது. கடற்கரைக் காற்றின் ஈரமும் உப்பும் மெல்ல வேலையைத் தொடங்குகின்றன. பம்புக்குள் தேங்கிய கடல்நீர் காய்ந்து உப்புக் கட்டியாகிறது. டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்கிறது. பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கிறது.

இந்தச் சேதம் எதுவும் அப்போது கண்ணுக்குத் தெரியாது. தடை முடிந்து, கரையிலிருந்து பல மணி நேரம் போன பிறகுதான் தெரியும்.

யூடியூப் வீடியோவை அப்படியே பின்பற்றலாமா?

படகு இன்ஜின் பராமரிப்பு பற்றித் தேடினால் ‘விண்டரைசேஷன்’ என்ற பெயரில் நிறைய அமெரிக்க, ஐரோப்பிய வீடியோக்கள் வரும். அங்கே முதல் எதிரி உறைபனி. இன்ஜினுக்குள் தங்கும் தண்ணீர் உறைந்து விரிந்தால், இரும்பு பிளாக்கே வெடித்துவிடும். அதற்காகத்தான் அவர்கள் உறையாத திரவத்தை இன்ஜின் முழுக்க ஓட்டுகிறார்கள்.

நம் கடற்கரையில் அந்தப் பயம் இல்லை. இங்கே எதிரிகள் உப்பு, ஈரம், வெயில். எனவே உறைபனிக்கான வேலைகளை விட்டுவிட்டு, ஆயில் மாற்றுவது, எரிபொருளைப் பாதுகாப்பது, உப்பைக் கழுவுவது போன்றவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் இன்ஜின் நிறுவனத்தின் கையேடு சொல்லும் அளவுகளும் ஆயில் தரமும்தான் இறுதி.

1. ஆயில்: மாற்றிவிட்டு நிறுத்துங்கள்

பழைய ஆயிலோடு நிறுத்திவிட்டு, கடலுக்குப் போகும்போது புது ஆயில் ஊற்றுவதுதான் பலரின் வழக்கம். காசு மிச்சம் போலத் தோன்றும். ஆனால் ஓடித் தேய்ந்த ஆயிலில் கரி, ஈரம், எரிபொருள் எரிந்ததில் உருவான அமிலம் எல்லாம் கலந்திருக்கும். இரண்டு மாதம் அது பேரிங்குகள் மீது படிந்திருந்தால் அரிப்பு தொடங்கும்.

செய்ய வேண்டியது: இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். சூடான ஆயில் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வடியும். ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, சில நிமிடங்கள் ஓட்டினால் சுத்தமான ஆயில் உள்ளே எல்லா இடத்திலும் பரவும். கியர்பாக்ஸ் ஆயிலையும் அப்போதே பாருங்கள்.

வடித்த ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால், தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய விஷயம். அதை ஏப்ரலில் கண்டுபிடித்தால் சரிசெய்ய இரண்டு மாதம் இருக்கிறது; ஜூன் 12-ல் கண்டுபிடித்தால் இரண்டு நாள்தான்.

பழைய ஆயிலைத் துறைமுகத் தண்ணீரில் ஊற்றாதீர்கள். கேனில் சேகரித்து, கழிவு ஆயில் வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

2. டீசல்: அடியில் சேரும் தண்ணீர்

பாதி காலியான டேங்கில் மேலே இருப்பது காற்று. பகல் சூட்டிலும் இரவுக் குளிர்ச்சியிலும் அந்தக் காற்றின் ஈரம் டேங்கின் சுவரில் வியர்த்து, அடியில் இறங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழுவழுப்பான கசடாக மாறும். அலையில் படகு குலுங்கும்போது அந்தக் கசடு கிளம்பி ஃபில்டரை அடைக்கும். துறைமுகத்துக்குள் நன்றாக ஓடிய இன்ஜின், நடுக்கடலில் திணறி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டேங்கின் அடி வால்வையும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் கிண்ணத்தையும் திறந்து தண்ணீரை வடியுங்கள். டேங்கில் காலி இடம் குறைவாக இருப்பது நல்லது. ஆனால் படகில் வெல்டிங் வேலை நடக்கப்போகிறது என்றால் கணக்கே வேறு. அப்போது நிரம்பிய டேங்க் மட்டுமல்ல, ஆவி நிற்கும் காலி டேங்கும் ஆபத்துதான். டேங்கைக் காலி செய்து, கழுவி, ஆவி இல்லை என்று உறுதி செய்த பிறகே வெல்டிங் நெருப்பு பக்கத்தில் வர வேண்டும்.

ஃபில்டர் மாற்றியதும் எரிபொருள் குழாயில் காற்று புகுந்திருக்கும். “ஏர் பிடிச்சிருச்சு” என்று சொல்வது இதைத்தான். கை பம்பை அழுத்தி, ஏர் ஸ்க்ரூ வழியாக நுரை இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இந்த ஒரு வேலையைப் படகில் குறைந்தது இரண்டு பேராவது கரையிலேயே பழகிக்கொள்வது நல்லது. கடலில் மெக்கானிக் வரமாட்டார்.

3. கடல்நீர் போகும் பாதை

பல படகு இன்ஜின்களில் இரண்டு வகைத் தண்ணீர் ஓடுகிறது. இன்ஜினுக்குள் சுற்றுவது கூலன்ட் கலந்த நன்னீர். அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுவது கடல்நீர். இரண்டும் கலக்காமல் சூட்டை மட்டும் மாற்றிக்கொள்ளும் இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதன் மெல்லிய குழாய்களில் உப்பு படிந்தால் இன்ஜின் சூடேறும்.

படகு தண்ணீரில் இருக்கும்போதே கடல்நீர் வால்வை மூடி, உறிஞ்சும் குழாயை ஒரு டிரம் நல்ல தண்ணீரில் விட்டு இன்ஜினை ஓட்டினால் உப்பு கரைந்து வெளியேறும். டிரம் காலியாகும் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஓடாத இன்ஜினுக்குள் குழாய் வைத்து அழுத்தமாகத் தண்ணீர் விடக் கூடாது. கடல்நீர் புகைக்குழாய் வழியாக வெளியேறும் வகை இன்ஜினில், அந்தத் தண்ணீர் சிலிண்டர் வரை ஏறிவிடலாம்.

அடுத்து இம்பெல்லர். கடல்நீர் பம்பில் ரப்பர் இம்பெல்லர் இருந்தால் அதைக் கழற்றி வையுங்கள். இரண்டு மாதம் ஒரே நிலையில் மடங்கி நின்றால் அதன் இதழ்கள் அப்படியே வளைந்துபோகும், வெடிக்கும். கழற்றியதும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு எங்கேயோ குழாயில் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை.

கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் இருக்கிறது. நம் ஊரில் கூலன்டின் முக்கிய வேலை உறைவதைத் தடுப்பது அல்ல; துருவைத் தடுப்பது. அதனால் அதைத் தவிர்க்க வேண்டாம்.

4. படகு கரையேறியதும்

படகின் அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் தங்களை இழந்து மற்ற உலோகங்களைக் காப்பவை. கடல்நீரில் அரிப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும். அதனால் ப்ரொப்பல்லரும் ஷாஃப்டும் தப்பிக்கும். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடலாம். பெயின்ட் அடிக்கும்போது இதன் மேலும் அடித்துவிட்டால் அது வேலையே செய்யாது. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள்ளும் பென்சில் போன்ற சிறிய துத்தநாகம் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் உள்ள கிளாண்டு பேக்கிங்கை மாற்றச் சரியான நேரமும் இதுதான். பழைய வகை பேக்கிங்கில் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிவது கோளாறு அல்ல. அந்தச் சொட்டுதான் ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. “ஒரு சொட்டுகூட வரக் கூடாது” என்று இறுக்கினால் ஷாஃப்ட் சூடாகித் தேயும்.

பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி, மாதம் ஒருமுறை மீண்டும் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும்; காற்றோட்டமான இடம் தேவை.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணா போதாதா?

பலர் நம்பும் வழி இது. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் முழுதாகச் சூடேறாது. எரிவதில் உருவாகும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். நன்மையைவிடத் தீமைதான் அதிகம். ஓட்டுவதானால், படகு தண்ணீரில் இருக்கும்போது, வழக்கமான வெப்பநிலை வரும்வரை ஓட்ட வேண்டும். கரையேறிய படகில் கடல்நீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் ரப்பர் இம்பெல்லர் மிக விரைவில் கருகிவிடும்.

ஃபைபர் படகு வைத்திருந்தால்

அவுட்போர்டு மோட்டாரை நீண்ட நாள் நிறுத்தும் முன் நல்ல தண்ணீரில் சுமார் 10 நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். பிறகு நிமிர்த்தி வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வடிந்துவிடும். கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது. ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். ஷாஃப்டில் சுற்றிய தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கலாம். புது கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல்த் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். இரண்டு துளைகளின் வாஷர்களையும் மாற்றுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் மிச்சம் இருந்தால் பிசினாகிச் சிறு துளைகளை அடைக்கும். வடித்துவிட்டு நிறுத்துவதே நல்லது.

எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

இன்ஜெக்டர், டீசல் பம்பு டைமிங், டர்போ, கியர்பாக்ஸின் உள்பாகங்கள் எல்லாம் கருவியும் பயிற்சியும் தேவைப்படுபவை. இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்பதைப் படகு தண்ணீரில் இறங்கிய பிறகே இறுதியாகப் பார்க்க வேண்டும். கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும்போது இருக்கும் உடல் வடிவம், குறிப்பாக மரப் படகில், தண்ணீரில் சற்று மாறும்.

எந்த வேலைக்கு முன்பும் பேட்டரி சுவிட்சை அணையுங்கள். ஓடும் ஷாஃப்ட், பெல்ட் பக்கத்தில் லுங்கியோ துண்டோ வேண்டாம். மூடிய இன்ஜின் அறையில் புகை தேங்கினால் மூச்சுத் திணறல் தெரியும் முன்பே மயக்கம் வரலாம்; தனியாக இறங்காதீர்கள்.

கடலுக்குப் போகும் முன்

நிறுத்தும் நாளில் என்னென்ன கழற்றினீர்கள், எந்த வால்வை மூடினீர்கள், எந்தக் குழாயை அடைத்தீர்கள் என்று ஒரு அட்டையில் எழுதி இன்ஜின் சாவியோடு கட்டிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து, “அடைச்சதே மறந்துபோச்சு” என்பதால் வீணாகும் இன்ஜின்களும் உண்டு.

தடை முடியும் வாரத்தில் அந்த அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்துங்கள். வால்வு திறந்திருக்கிறதா, ஆயில், கூலன்ட், பெல்ட் சரியா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் அழுத்தம் ஏறுகிறதா, கடல்நீர் வெளியே கொட்டுகிறதா என்று கவனியுங்கள். இரண்டில் எது இல்லாவிட்டாலும் உடனே நிறுத்துங்கள். பிறகு துறைமுகத்தைச் சுற்றியே ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டிப் பாருங்கள்.

பாக் நீரிணைப் பகுதியில் இன்ஜின் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் போகும். அங்கே சர்வதேசக் கடல் எல்லை அதிக தூரத்தில் இல்லை. எல்லை தாண்டியது வேண்டுமென்றா, இன்ஜின் பழுதாலா என்று விளக்கும் வாய்ப்பு பிறகுதான் வரும். ஓர் இம்பெல்லர், ஒரு ஃபில்டர், கொஞ்சம் ஆயில் என்ற கணக்கில் படகிலிருக்கும் அத்தனை பேரின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

அவசரத்துக்கு: கடலில் சிக்கினால் இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் படகில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.