ஆறு கம்பிகளும் ஒரே மாடியேற்றமும்

என் அப்பா வயரிங் வேலை செய்பவர். சென்ற பருவ விடுமுறையில் வீடு திரும்பியபோது முழங்கால் வீங்கிக் கிடந்தார். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி அடுக்ககம், இரும்புக் குழாய்க்குள் ஒரு பழைய கேபிள், உள்ளே ஆறு கறுப்புக் கம்பிகள், எண்கள் அழிந்துவிட்டன. துணைக்கு ஆளில்லை. கீழே ஒரு கம்பியைக் குழாயோடு இணைப்பார், மேலேறி மீட்டரால் தேடுவார், இறங்கி அடுத்ததை இணைப்பார். இப்படி ஐந்து முறை!

பல்கலைக்கழகப் பயிற்சி வகுப்பில் இதே புதிரைச் செய்திருந்தேன். ஒருமுறை ஏறி இறங்கினால் போதும்.

மின்சாரத்தைத் துண்டியுங்கள் (புதிரில் இது இருக்காது). கீழே ஒரு கம்பியைத் தனியே விடுங்கள். இரண்டை ஒன்றாக முறுக்குங்கள். மீதி மூன்றையும் ஒன்றாக முறுக்குங்கள். ‘ஒற்றை’, ‘ஜோடி’, ‘மூவர்’ என்று சீட்டு ஒட்டுங்கள்.

மேலே மீட்டர் வைத்தால், எதனோடும் சேராதது ஒற்றை. ஒன்றோடு மட்டும் சேர்வது ஜோடி. இரண்டோடு சேர்வது மூவர். ஆனால் ஜோடிக்குள் எது எது? அதற்காக மேலே வேறுவிதமாக முறுக்க வேண்டும். ஒற்றையோடு ஜோடியில் ஒன்று, மூவரில் ஒன்று: இவை 1, 2, 3. ஜோடியின் மற்றதும் மூவரில் இன்னொன்றும்: 4, 5. எஞ்சிய மூவர் கம்பி தனியாக 6.

இறங்கி, பழைய முறுக்குகளைப் பிரித்துச் சோதியுங்கள். தனித்திருப்பது 6. இருவராகச் சேர்வதில் ‘ஜோடி’ச் சீட்டு உள்ளது 4, ‘மூவர்’ சீட்டு உள்ளது 5. மூவராகச் சேர்வதையும் சீட்டே பிரித்துவிடும். கீழே எத்தனை பேர் கூட்டம், மேலே எத்தனை பேர் கூட்டம் என்ற இரண்டு எண்களும் சேர்ந்து எந்த இரு கம்பிகளுக்கும் ஒன்றாக வரவில்லை, அவ்வளவுதான் சூட்சுமம்.

பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நோல்டன், கிரகாம் இருவரின் பெயரால் இப்புதிர் அறியப்படுகிறது. 2, 5, 9 ஆகிய எண்ணிக்கைகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இப்படிப் பிரிக்க முடியும்.

இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்த கணிதத்தை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வார்த்தை தடுமாறியது. ஆறு நூல்களை மேசையில் பரப்பிக் காட்டினேன். இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

“சரிய்யா, ரெண்டே கம்பின்னா?”

“முடியாதுப்பா. சேர்த்தாலும் பிரித்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் காட்டும்.”

“ஏன் முடியாது? ஒன்னைக் குழாயில கட்டிட்டு மேல போ.”

குழாய்தான் மூன்றாவது கம்பி. அது எனக்குத் தோன்றவே இல்லை.