பார்மட் அடிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

பழைய கணினி பூட் ஆகாமல் நின்றுவிட்டால் சர்வீஸ் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஓஎஸ் போயிடுச்சு, பார்மட் அடிச்சிடலாம்." மாலையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். திரும்பி வரும் கணினி வேகமாகத்தான் ஓடும். ஆனால் அதிலிருந்த குழந்தையின் படங்கள் இருக்காது, டேலி கணக்கு இருக்காது, டிடிபி கடையென்றால் பல வருடங்களாகச் சேர்த்த அழைப்பிதழ் டிசைன்கள் இருக்காது. விண்டோஸைச் சரிசெய்வது ஒரு வேலை. கோப்புகளைக் காப்பாற்றுவது வேறொரு வேலை. பின்னது முடியும்வரை முன்னதைத் தொடக்கூடாது. கடைக்காரர் கேட்கவில்லை என்றாலும் கணினியின் சொந்தக்காரர் இதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. ஆனாலும் இவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் வைத்துத் தொழில் செய்பவருக்கோ, புது விண்டோஸுக்கு டிரைவரே வராத பிரின்டரை நம்பியிருப்பவருக்கோ மாற்றுவது எளிதல்ல. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பழையதை வைத்துக்கொண்டே எப்படிப் பாதுகாப்பாகப் பழுதுபார்ப்பது என்பதுதான் அவர்களுக்குத் தேவை.

முதலில் தெரிய வேண்டியது, கெட்டது விண்டோஸா ஹார்ட்டிஸ்க்கா என்பது. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் சிலமுறை தெரிந்து சிலமுறை மறைந்தாலோ, சிறு கோப்பைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனாலோ டிஸ்க்தான் சந்தேகத்துக்குரியது. இந்த நிலையில் பலரும் செய்வது 'செக்டிஸ்க்' ஓட்டுவது. அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கச் சொல்லும், கோப்பு அட்டவணையையும் திருத்தி எழுதும். ஏற்கெனவே திணறும் டிஸ்க் இதிலேயே உயிரை விட்டுவிடலாம். அதன்மேல் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது இன்னும் மோசம். சத்தம் வரும் டிஸ்க்கை உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் எழவில்லை என்றால் கோப்புகளை எடுப்பது கடினமே இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு ஓஎஸ்ஸை வேறொரு கணினியில் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய சி டிரைவ் சாதாரண ஃபோல்டராகத் திறக்கும். விண்டோஸ் 7, 10 என்றால் 'யூசர்ஸ்' ஃபோல்டர், எக்ஸ்பி என்றால் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டர். டெஸ்க்டாப்பில் வைத்த எல்லாமே அதற்குள்தான் இருக்கும்; டெஸ்க்டாப் என்பதும் சி டிரைவின் ஒரு பகுதி என்பது பலருக்குத் தெரிவதில்லை. டேலியின் 'டேட்டா' ஃபோல்டர் தனியாக வேறிடத்தில் இருக்கும், அதையும் தேடி எடுக்க வேண்டும். டிடிபி வேலை செய்பவர்கள் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை மறக்கவே கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு போய்விட்டால் கோப்பு பத்திரமாக இருந்தும் திரையில் ஆங்கில எழுத்துகள் குவியலாகத்தான் தெரியும்.

இனி, பல கணினிகளை அநியாயமாகப் பார்மட்டுக்கு அனுப்பும் ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது, சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கிற மலிவான பேட்டரி. அது தீர்ந்துபோனால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும், அதனால் வங்கித் தளம் முதல் மின்னஞ்சல்வரை எல்லாம் 'சான்றிதழ் சரியில்லை' என்று திறக்க மறுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஹார்ட்டிஸ்க்கோடு பேசும் முறை ஐடிஇ என்று அமைந்திருந்த போர்டு, பேட்டரி தீர்ந்ததும் ஏஹெச்சிஐ முறைக்கு மாறிவிடலாம். எக்ஸ்பியும் விண்டோஸ் 7-உம் இந்த மாற்றத்தைத் தாங்காமல் நீலத்திரை காட்டி, 7பி என்று முடியும் எண்ணைக் கொடுத்து நின்றுவிடும். பயாஸில் அந்த ஒரு அமைப்பைப் பழையபடி மாற்றி, பேட்டரியையும் மாற்றினால் விண்டோஸ் எதுவுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். இந்த எண்ணைப் பார்த்ததும் பயாஸைத் திறந்து பார்க்காமல் பார்மட் அடிப்பவரை நல்ல மெக்கானிக் என்று நான் ஏற்க மாட்டேன்.

உண்மையிலேயே விண்டோஸ் கெட்டிருந்தாலும் அழிக்காமல் சரிசெய்ய வழி உண்டு. விண்டோஸ் 7-இல் எஃப் 8 அழுத்தினால் வரும் பட்டியல் வழியாக ஸ்டார்ட்அப் ரிப்பேருக்குப் போகலாம். சிஸ்டம் கோப்புகள் மட்டும் சிதைந்திருந்தால் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' கட்டளை பல நேரம் போதும். அதே விண்டோஸின் மேலேயே மறுபடி ஏற்றும் 'அப்கிரேடு' முறை, விண்டோஸ் திறந்திருக்கும்போது உள்ளிருந்து தொடங்கினால்தான் வேலை செய்யும். டிவிடியின் பதிப்பு, மொழி, 32 பிட்டா 64 பிட்டா என்பதெல்லாம் பொருந்தவும் வேண்டும். எக்ஸ்பி சிடியில் ஒரு குழப்பம்: 'ஆர்' அழுத்தச் சொல்லி இரண்டு இடங்களில் வரும். முதல் 'ஆர்' கட்டளைத் திரைக்குப் போகும். என்டர் அழுத்தி, உடன்பாட்டை எஃப் 8-ஆல் ஏற்ற பிறகு வரும் இரண்டாவது 'ஆர்' தான் கோப்புகளை விட்டுவைத்துச் சரிசெய்யும். அந்த இரண்டாவது வாய்ப்பு திரையில் வரவில்லை என்றால் மேலே போகாமல் எஃப் 3 அழுத்தி வெளியேறிவிடுங்கள். அதற்கடுத்துப் புதிய இன்ஸ்டலேஷன்தான்.

விண்டோஸ் 10-இல் 'ரீசெட்' செய்யும்போது 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகள் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். டேலியும் பிரின்டர் டிரைவரும் திரும்ப ஏற்ற வேண்டியவை என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ரிப்பேர் முடிந்த பிறகு வரும் ஆபத்து பலர் கண்ணில் படுவதில்லை. பழைய சிடியிலிருந்து ஏற்றிய விண்டோஸில் அதற்குப் பிந்தைய பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் இருக்காது. 2017 மே மாதம் வான்னகிரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை அதைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். இன்று விண்டோஸ் 7-ஐப் புதிதாக ஏற்றினால் அப்டேட் தேடிக்கொண்டே நிற்கும். கேபி 4490628, கேபி 4474419 என்ற இரண்டு திருத்தங்களை மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாகிலிருந்து இறக்கிக் கையால் போட்ட பிறகுதான் மற்றவற்றை ஏற்கும். இதையும் செய்து தரச் சொல்லுங்கள். அதன் பிறகும் அந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம் என்பதே என் கருத்து. டிசைன் வேலைக்கு மட்டும் என்றால் இணையத்தைத் துண்டித்தே வைக்கலாம்.

லைசென்ஸ் விஷயத்தில் ஏமாறுபவர்கள் ஏராளம். விண்டோஸோடு வாங்கிய கணினிக்கு அந்தப் பதிப்பைத் திரும்ப ஏற்ற மறுபடி லைசென்ஸ் பணம் தர வேண்டியதில்லை; கூலி மட்டுமே. விண்டோஸ் 7 வரை கீ அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். அது தேய்ந்துபோகும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த பெரும்பாலான லேப்டாப்களில் கீ பயாஸுக்குள்ளேயே இருக்கும். இவ்வளவு இருந்தும் கடையில் திருட்டு நகலை ஏற்றி, 'ஆக்டிவேட்டர்' ஓட்டித் தருகிறார்கள். அதை ஓட்ட ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் உள்ளே வர இதைவிட வசதியான வழி வேறில்லை. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். இந்தப் பிரிவு கணினியைப் பயன்படுத்துபவரையே பிடிக்கும்.

பிழை எண்ணை இணையத்தில் தேடும்போது 'எங்களை அழையுங்கள்' என்று வரும் தொலைபேசி எண்கள் மற்றொரு பொறி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்தியில் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் வராது. எனிடெஸ்க் போன்றதை நிறுவச் சொல்லி, உள்ளே வந்து, பணம் பறிப்பதே இவர்கள் வேலை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

கடையில் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் நான்கு வரி எழுதி வாங்குங்கள்: கோப்புகளை எடுத்த பிறகே பார்மட், எந்தப் பாகத்தை மாற்றினாலும் முன்பே கேட்க வேண்டும், பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும், மொத்தக் கூலி இவ்வளவு. பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியே கொடுப்பதும் அப்படியே. சொந்தக்காரர் அனுமதியில்லாமல் படங்களையோ கோப்புகளையோ நகலெடுப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சொன்னதை மீறி அழித்துவிட்டார்கள் என்றால் அந்த நொடியிலிருந்து கணினியைப் பயன்படுத்தாதீர்கள். ஹார்ட்டிஸ்க்கில் மேலே புதிதாக எழுதாதவரை பழைய கோப்புகளை மீட்க நல்ல வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் அது மிகக் குறைவு. பார்மட் அடிக்காமல் மேலேயே விண்டோஸ் ஏற்றியிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கலாம். விண்டோஸ் 10-இல் அது சில நாளில் தானாகவே அழிந்துவிடக்கூடும் என்பதால் உடனே நகலெடுங்கள்.

கடைக்காரர் மீட்புச் செலவை ஏற்க மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பேசித் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த கூலி ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் பதியலாம். 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதாலேயே அந்த வழி அடைபட்டுவிடாது. ஜாப் ஷீட், பில், வாட்ஸ்அப்பில் பேசியவை, மீட்பு நிலையம் தந்த மதிப்பீடு ஆகியவற்றை இணைத்து, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.